வேறொருத்தி பெயரில் என் மனைவியின் படம்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகச் சில வருஷங்கள் ஓடிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சாட்சி சொல்ல விருப்பமுள்ளவர்கள் எழுந்திருக்கலாம் என்று போதகர் சொல்லும்போதெல்லாம் என் கால் தரையை ஒரு அழுத்து அழுத்தும். எழுந்திருக்காது. சரி, எழுதியாவது வைப்போம் என்றால், எழுதினால் ஒரு வீட்டுக்குக் கேடு வருமோ என்று பயம். ஆகையால் ஊர் பேரும் ஆள் பேரும் இதில் இல்லை. திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் எட்டாவதுவரை படித்தவன். மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்து ஓய்ந்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என் மனைவியின் கடைசிப் படம் அரசாங்கத்திடம் இருக்கிறது. ஆனால் வேறொருத்தி பெயரில் இருக்கிறது. அது என் மனைவிதான் என்று சொல்லிக் கேட்டால், ஆள் மாறாட்டம் என்று அந்த வேறொருத்தியின் வீட்டைத் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த வேறொருத்தி, ஏரிக்கரைக்குக் கீழே குடிசை போட்டிருந்த இருளர் வீட்டுப் பெண். புருஷன் இல்லை. என் மனைவியும் அவளும் நூறு நாள் வேலையில் ஒன்றாக வரப்பு வெட்டினார்கள், ஒரே தூக்கில் கஞ்சி குடித்தார்கள். அவளுக்கு அரசாங்க வீடு வந்தபோது என் மனைவிக்குத்தான் முதலில் வந்து சொன்னாள். வேலை இடத்தில் மற்ற பெண்கள், "கோட்டை கட்றவளே, எங்களுக்கும் ஒரு ரூம் வுடு" என்று கிண்டல் பண்ணுவார்களாம். "வாடகை குடு, வுடுறேன்" என்பாளாம் இவள்.

அந்த வீட்டுப் பணம் மொத்தமாக வராது. அஸ்திவாரம், ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம், மேல் தளம் என்று ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஓவர்சியர் வந்து, வீட்டுக்குச் சொந்தக்காரரை முன்னால் நிறுத்திப் போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டும். அப்போதுதான் அந்தக் கட்டத்துக்கு உண்டான பணம் வரும். முதல் இரண்டும் எப்படியோ வந்துவிட்டன. சிமெண்ட் கடையில் கடன் சொல்லித் தளமும் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஓவர்சியரும் வரவில்லை, பணமும் வரவில்லை. பஞ்சாயத்தில் கேட்டால் ஒன்றியத்தில் கேள் என்றார்கள். ஒன்றியத்தில், மேலேயிருந்து நிதி வந்தால்தான் படமே எடுப்போம் என்றார்கள். மாசக்கணக்கில் அலைந்தாள். கடைக்காரர் குடிசைக்கே வந்து உட்கார ஆரம்பித்ததும், முன்பணம் வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்களோடு மரக்காணம் பக்கம் சவுக்கு வெட்டப் போய்விட்டாள். ஏரிக்கரையில் இருந்த அவர்கள் நாலு குடிசையும் காலி. கதவில்லாத புது வீடு தனியாக நின்றது.

அவள் போன மூன்றாம் வாரம், மார்ச் மாசக் கடைசியில், நிதி வந்துவிட்டது. ஓவர்சியர் மத்தியானத்தில் வண்டியில் பறந்து வந்தார். இன்றைக்குள் படம் ஏற்றாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும், மறுபடி எப்போது வருமென்று தெரியாது என்றார். அவள் போனுக்கு அடித்தோம், கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அங்கிருந்து அன்றைக்கே வந்து சேர முடியாது.

ஓவர்சியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் ஒரு பொம்பள நில்லுங்கம்மா" என்றார்.

என் மனைவி முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றாள். நான் வேண்டாமென்று கையைக் காட்டினேன். அவள் நகரவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். அப்போது ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதத்தின் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக் கொடுப்பவன் நான். பொய்ச்சாட்சி என்றால் என்னவென்று விளக்குகிற வாத்தியார் வீட்டிலேயே இப்படியா என்றேன். அவள் அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னா பொய்யி? வூடு நிஜமா கீது. அவ நிஜமா கீறா. அவ கடனும் நிஜமா கீது. நான் நின்னது ஒண்ணுதான்யா பொய்யி."

அந்த ஒன்று எனக்குப் போதுமாயிருந்தது. மாசத்தின் முதல் ஞாயிறு, ஆலயத்தில் மேசையில் வைத்து அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து வந்தது. ஓவர்சியரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறவரை நீ அந்த மேசைக்குப் போகக்கூடாது, போனால் நான் போகமாட்டேன் என்றேன். அவள் மேசைக்குப் போகவில்லை. உண்மையைச் சொல்லவும் போகவில்லை. எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது அவள் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். நான் வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த மாசமும் அப்படித்தான். அதற்கடுத்த மாசமும். நீ வா என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று இரண்டு மூன்று தடவை வாய்வரை வந்ததுண்டு. அவளே வந்து கேட்கட்டுமே என்றிருந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் தளத்துப் பணம் வந்துவிட்டது. சவுக்கு வெட்டிவிட்டு வந்தவள் கடனை அடைத்து, பூச்சு வேலை முடித்து, கதவு போட்டுக் குடிபோனாள். என் மனைவி போய்ப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் போகவில்லை.

பிறகு அந்த நோய் வந்தது. ஆலயத்தை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். இரண்டாம் தடவை என் மனைவியைப் பிடித்துக்கொண்டது. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலோடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆறாம் நாள் உடலைப் பையில் கட்டித்தான் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் நான் வேதம் வாசித்து ஜெபம் பண்ணினால், ஆமென் அவள் சொல்வாள். அதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இப்போது ஜெபம் முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். அப்புறம் நானே சொல்லிக்கொள்வேன்.

அவளுக்குப் படம் எடுத்துக்கொள்ளப் பிடிக்காது. கல்யாணப் படம் பெருவெள்ளத்தில் ஊறிப்போனது. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஆதார் அட்டையிலிருந்துதான் எடுத்துப் போட்டோம். யாரோ திருடி மாதிரி இருந்தாள். வருஷம் போகப்போக, அவள் முகம் எனக்கு நினைவில் நழுவ ஆரம்பித்தது. மூக்கு ஞாபகம் வரும், வாய் வராது. அப்போதுதான் ஓவர்சியர் எடுத்த படம் ஒன்று உண்டே என்று தோன்றியது. தோன்றிய நாளிலிருந்து வேறு நினைப்பு இல்லை.

கேட்கவும் முடியாது, விடவும் முடியாது. ஒருநாள் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்த இருளர் பெண் குடிபோன பிறகு நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. நாற்காலி போட்டாள். விஷயத்தைச் சொன்னேன். திருவிருந்துச் சங்கதியையும் சொன்னேன். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அக்கா சொல்லியிருக்காங்க என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டு வரி போட ஒரு தாள் வேண்டியிருக்கிறது, அதற்கு எப்படியும் ஒன்றியத்துக்குப் போகவேண்டும், கூட வாருங்கள், என் வீட்டுப் படத்தை நான் பார்க்கக் கேட்டால் காட்டமாட்டார்களா என்றாள். மாட்டிக்கொண்டால் வீடு போய்விடுமே என்றேன். "அக்கா நிக்கலன்னா வூடே இல்ல, வா அண்ணா" என்றாள்.

ஒன்றிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் நல்ல பெண். தாளைப் போட்டுக் கொடுத்தாள். படம் என்றதும், இதெல்லாம் காட்டுவதில்லை என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, திரையைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பினாள். அஸ்திவாரம். லிண்டல். இரண்டிலும் இவள், ஒல்லியாக, விறைத்துக்கொண்டு. அடுத்தது தளம்.

என் மனைவி நின்றிருந்தாள். பின்னால் பூச்சில்லாத சுவர், கதவில்லாத வாசல். தலையில் முந்தானை. போனைப் பார்க்கவில்லை, ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம்தான் நான் கையைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் முகத்தில் கோபம் இல்லை.

அந்தப் பெண் திரையையும் பார்த்தாள், ஆளையும் பார்த்தாள்.

"இது நீங்களா?"

"நான்தான் கண்ணு. அப்போ சதை போட்டுக்கினு இருந்தேன்" என்றாள் இவள். உடனே சிரித்தாள். ஆனால் மேசைக்கடியில் அவள் கை என் வேட்டி ஓரத்தைப் பிடித்திருந்தது.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க சொல்லுங்க. இது இவங்கதானா?"

திரையில் என் மனைவி. பத்து வார்த்தை சொன்னால் அது என் மனைவி. ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒரு வீடு.

"ஆமாம்மா. இவங்கதான்" என்றேன்.

அவள் திரையைத் திருப்பிக்கொண்டாள். நகல் கேட்கலாமா என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவைக்கு மேல் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றோம். பஸ் வந்தபோது, "அக்கா நல்லா கீறாங்க இல்லண்ணா" என்றாள். தலையாட்டினேன்.

அன்றிலிருந்து நான் மேசைக்குப் போகவில்லை. போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஜெபித்து, நீங்கள் மேசைக்கு வரலாம் என்றார். நான் இன்னும் போகவில்லை. ஆண்டவர் மன்னிக்கமாட்டார் என்று பயந்து இல்லை. அவளுக்குக் கிடைக்காமல் தடுத்ததை நான் மட்டும் எப்படிக் கையேந்தி வாங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நாள் வந்தால் போவேன்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுதல். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். என் மனைவியைப் பரிசுத்தவதியாக்க வேண்டாம். அவள் பொய்யாகத்தான் நின்றாள், அதை விட்டுவிடாதீர்கள். அரசாங்கத்தைத் திட்டுவதற்கு இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் தாமதமாக வந்தது, ஆனாலும் வந்தது, அந்த வீட்டில் இன்றைக்கு விளக்கு எரிகிறது. என்மேல் இரக்கப்பட்டு, மேசைக்குப் போகாதே என்று நான் சொன்னதை மட்டும் அழித்துவிட்டுச் சொல்லாதீர்கள். அதை எடுத்துவிட்டால் மீதி உண்மையாக இருக்காது.