இடது பின் கதவு: அப்பாவின் மோரிஸ் மைனருடன் கிள்ளானிலிருந்து மேரு வரை

இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் லட்சணம் தெரியும். விமானத்தில் ஏறினால் அவசர வழி எங்கே என்று முதலில் பார்ப்பேன். படகுப் பயணம் முழுக்க உயிர்காப்பு உடையைக் கழற்ற மாட்டேன். எங்கும் போகாமல் இருக்கவும் முடியாது, பயப்படாமல் போகவும் முடியாது. இந்த முறை போன தூரம் பதினோரு கிலோமீட்டர்தான். ஆனால் இதுவரை எழுதிய எந்தப் பயணத்திலும் நான் இவ்வளவு பயந்ததில்லை.

விஷயம் இதுதான். அப்பா இறந்து ஐந்து மாதமாகிறது. கிள்ளான் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவர். அவருடைய சாம்பல் நிற மோரிஸ் மைனர், அறுபதுகளில் வந்த நாலு கதவு வண்டி, எனக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். தம்பி முகுந்தனுக்கு வருத்தமில்லை. "அக்காவுக்குத்தானே அந்தக் காடின்னா உயிரு" என்றான். காடி என்றால் எங்கள் பேச்சில் கார். சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அப்பாவின் வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டது. சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமைக்குள் வண்டியை அங்கிருந்து எடுத்தாக வேண்டியிருந்தது. புதுப்பிப்பதா, வேண்டாமா என்பது என் முடிவு.

யாருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வண்டி மேல் உயிர் இல்லை, பயம். எனக்கு ஏழு வயது, முகுந்தனுக்கு நாலு. சனிக்கிழமைதோறும் சுங்கை வேயில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவோம். ஒருநாள் நெடுஞ்சாலை வளைவில் இடது பின் கதவு தானாகத் திறந்துகொண்டது. தம்பியின் பாதி உடம்பு வெளியே போய்விட்டது. அவன் சட்டையை எப்படிப் பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்பா ஓரமாக நிறுத்தி, கதவைச் சாத்தி, கொடியில் துணி காயப்போடும் நைலான் கயிற்றால் உள்பக்கமாகக் கட்டினார். மறுவாரத்திலிருந்து, "லாக் கெட்டுப்போச்சு, வலது பக்கமா ஏறுங்க" என்று மட்டும் சொல்வார். கெட்டுப்போன பூட்டும் ஒரு கயிறுமாக அந்தக் கதவு வருடக்கணக்கில் ஓடியது. நான் அன்றிலிருந்து முன் இருக்கைக்கு மாறிவிட்டேன், அம்மா தம்பியோடு பின்னால் போனார்; நான் திரும்பப் பின்னால் போகவே இல்லை. இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பிரேக் மிதிக்கும் அப்பாவின் காலையும் வண்டியின் ஒவ்வொரு சத்தத்தையும் கவனித்தபடி வருவேன். பார்த்தவர்கள் அதை ஆசை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை 8.10க்கு என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கிளம்பினேன். ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், கட்டணம் ஐந்து ரிங்கிட்டைச் சுற்றி வரும். வார இறுதியில் ரயில்களுக்கு இடைவெளி அதிகம், நேரம் பார்த்துப் போங்கள். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கைப்பையில் இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்று மேருவில் பழைய வண்டிகளைச் சீர்செய்யும் ஒரு பட்டறை, முகுந்தன் கொடுத்தது. இன்னொன்று அதே மேருவில் பழைய இரும்பு வாங்கும் கடை, நானே தேடிப் பிடித்தது. அதற்கு முந்தின வாரமே பேசி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அன்று காலை நான் இரண்டாவது முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

முகுந்தனின் திட்டம் வேறு. வண்டி தயாரானதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் இரண்டு பெண்களையும் பின்னால் உட்காரவைத்து ஊர் சுற்ற வேண்டும். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

கிள்ளான் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வாடகைக் காரில் எட்டு ரிங்கிட். பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன இழுவை லோரி பதினொன்றே முக்காலுக்கு வந்தது. ஓட்டுநர் பெயர் தேவா, முப்பது வயதிருக்கும். தாமதத்துக்குக் காரணம் கேட்டால், "ஜாம் லா, அக்கா" என்று முடித்துக்கொண்டார்.

அதற்குள் முகுந்தன் நாலு எலுமிச்சம்பழமும் ஒரு பொட்டலம் கற்பூரமும் வாங்கி வந்திருந்தான். பழங்களைச் சக்கரத்தடியில் வைத்தான். கற்பூரத்தை எடுத்ததும் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பெட்ரோல் வாடை அடிக்குது. கொளுத்தாத."

"அப்பா காடிக்கி கற்பூரம் காட்டாம எப்படிக்கா அனுப்பறது?"

"வீடு கொளுந்துவிட்டு எரிஞ்சா வாடகைக்கு வர்றவங்க எங்க இருப்பாங்க?"

தேவா குனிந்து பார்த்து, "சரியாதான் சொல்றாங்க, பாஸ். கீழ ஒழுகுது" என்றார். முகுந்தன் முணுமுணுத்துக்கொண்டே கற்பூரத்தைப் பையில் போட்டான். இரும்புக் கம்பி இழுக்க, எலுமிச்சைகளை நசுக்கிக்கொண்டு வண்டி லோரி மேல் ஏறியது. முகுந்தனுக்கு வேலை இருந்தது. போகும்போது, "அக்கா, வெள்ளை பெயிண்ட் வேணாம்னு சொல்லிடு. அதே கலர்" என்றான். நான் தலையாட்டினேன்.

தேவாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். மேருவுக்குப் பதினோரு கிலோமீட்டர், கூலி நூற்றெண்பது ரிங்கிட்.

"ரெண்டு அட்ரஸ் குடுத்திருக்கீங்க. எங்க எறக்கணும்?"

"போகும்போது சொல்றேன்."

"டிராபிக் லைட்டுக்கு முன்னாடி சொல்லிருங்க. லெப்டுன்னா ஒர்க்‌ஷாப், ரைட்டுன்னா பெசி பூருக் கடை. தாண்டிட்டா யூ-டர்ன் ரொம்ப தூரம்." பெசி பூருக் என்றால் பழைய இரும்பு.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பக்கக் கண்ணாடியில் அப்பாவின் வண்டி ஆடி ஆடி வந்தது. ஒரு வளைவில் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. எனக்கு உயிர் போய்விட்டது. அந்தச் சத்தத்தை நாற்பது வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

"நிப்பாட்டுங்க தம்பி. கதவு தொறந்துக்கிச்சு."

"தொறந்தா என்னக்கா? உள்ள ஆளா இருக்கு?"

"நிப்பாட்டுங்க."

அவர் ஓரமாக நிறுத்தினார். மழையில் பின்னால் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, பின்பெட்டிக்குள் ஜாக்கி உருள்கிறது, அவ்வளவுதான் என்றார். இடது பின் கதவை ஆட்டிப் பாருங்கள் என்று கீழே நின்று கத்தினேன். அவர் ஆட்டினார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். பிறகு குனிந்து விரலால் விளிம்பைத் தடவினார்.

"அக்கா, இது தொறக்கவே தொறக்காது. வெல்டு வச்சி அடைச்சிருக்கு."

நம்பவில்லை. இந்த உடம்பை வைத்துக்கொண்டு, வழுக்கும் இரும்புத் தட்டில் கையூன்றி நானும் ஏறினேன். கதவின் ஓரத்தில், மேலும் கீழுமாக நாலு இடத்தில் பற்றவைத்திருந்தது. மேடு தெரியாமல் தேய்த்து, அதே சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். தெரிந்து தடவினால் ஒழிய கண்ணுக்குப் படாது. நிறம் பழசாகிப்போயிருந்தது, நேற்று முந்தாநாள் செய்த வேலை இல்லை. கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். நைலான் கயிறு அதே முடிச்சோடு இருந்தது.

வெல்டு வைத்த பிறகும் கயிற்றை அவிழ்க்கவில்லை. அந்த மனிதருக்கு வெல்டும் போதவில்லை.

லோரியில் திரும்ப ஏறினேன். அப்பா ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் பின்னால் திரும்பிப் பார்ப்பார். தம்பி சேட்டை செய்கிறானா என்று பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தேன். அத்தை வீட்டுப் பிள்ளைகள் முன் இருக்கை கேட்டுச் சண்டை போடும்போதெல்லாம், "விடுங்க, இவளுக்குக் காடின்னா உயிரு, முன்னாடிதான் ஒக்காருவா" என்பார். என்னைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்றுதான் இத்தனை வருடமும் எண்ணிக்கொண்டிருந்தேன். புரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னாரோ? பின்னால் போகச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்தாமல் இருக்கச் சொன்னதாக இருக்குமோ? இனி யாரைக் கேட்பது? அம்மாவும் இல்லை. முன் இருக்கைகளில் பயந்துபோன இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் சுங்கை வேக்குப் போய் வந்திருக்கிறோம். அழுகை வந்தது, அழுதேன். தேவா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

"அக்கா, லைட் வருது."

"லெப்டு" என்றேன்.

பட்டறைக்காரர் ஜோசப் அண்ணன் ஒரு மணி நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். தரைத் தகட்டை இரண்டு இடத்தில் துரு அரித்துவிட்டது. பெட்ரோல் குழாய்கள் வெடித்திருந்தன. பிரேக்கை இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கும் என்று நானே சொன்னேன். அதிசயமாகப் பார்த்தார். பற்றவைத்த கதவைக் காட்டியதும் அவர் முகம் மாறியது.

"மொதல்ல இத அறுக்கணும்மா. தீ கீ புடிச்சா பின்னால உள்ள புள்ளைங்க எப்படி எறங்கும்?"

காலையில் மூக்கில் ஏறிய அந்தப் பெட்ரோல் வாடை நினைவுக்கு வந்தது, கூடவே முகுந்தன் கையிலிருந்த கற்பூரம். ஒரு பயத்துக்கு அப்பா செய்த வைத்தியம் இன்னொரு பயமாக அதே வண்டியில் இருந்திருக்கிறது. அத்தனை வருடமும் அம்மாவும் தம்பியும் அந்தக் கதவில் சாய்ந்துகொண்டுதான் வந்தார்கள்.

முழுதாகப் புதுப்பிக்கப் பதினெட்டாயிரத்திலிருந்து இருபத்திரண்டாயிரம் ரிங்கிட் ஆகும், ஆறு மாதம் வேண்டும் என்றார். நான் முதலில் கேட்டது பிரேக், பெட்ரோல் குழாய், தரைத் தகடு, நாலு கதவுக்கும் புதுப் பூட்டு, பின் இருக்கைக்குச் சீட் பெல்ட், இவ்வளவுதான். இதற்கு ஒன்பதாயிரம். பெயிண்ட் பிறகு. கயிற்றை மட்டும் எறிந்துவிட வேண்டாம் என்று சொல்லி வந்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி வந்து சேர்ந்தால் என் அனுபவத்தில் சில. முதலில் பெயர் மாற்றத்தைக் கவனியுங்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டிக்குக் காகித வேலை மாதக்கணக்கில் இழுக்கும். பெட்ரோல் வாடை வந்தால் யார் கோபித்துக்கொண்டாலும் கற்பூரம் வேண்டாம், பழத்தோடு நிறுத்துங்கள். லோரிக்காரர் சொல்லும் நேரத்தோடு இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் பின்பெட்டியைக் காலி செய்யுங்கள். முடிவெடுக்கும் முன் எல்லாக் கதவுகளையும் நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். நான் அதை முப்பது வருடம் முன்பே செய்திருந்தால் கேட்க ஆள் இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் முகுந்தன் குடும்பத்தோடு சாப்பிட்டேன். இரும்புக் கடை முகவரி உட்பட எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"எனக்கு ரோட்டெல்லாம் ஞாபகம் இல்லக்கா. சட்டை கிழிஞ்சி போச்சுன்னு அம்மா ஏசுனது மட்டும் ஞாபகம் இருக்கு."

வண்டி தயாரானதும் முதல் ஓட்டத்தில் பிள்ளைகள் வேண்டாம் என்றேன். அவன் ஓட்டட்டும், கிள்ளானிலிருந்து சுங்கை வே வரை. பின் இருக்கையில், இடது பக்கம், நான் உட்கார்ந்து வருகிறேன். அப்புறம் பார்க்கலாம். சொல்லும்போதே பயமாக இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது.

அவன் சின்ன மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எட்டு வயது. "சன்னல் சீட்டு எனக்கு. அத்த ஏன் அங்க ஒக்காரணும்?" என்றாள்.

முகுந்தன் என்னைப் பார்க்காமல் அவள் இலைக்கு அப்பளத்தை எடுத்து வைத்தான்.

"அது அத்த சீட்டு. அவங்களுக்கு அந்த எடம்னா உயிரு."