கலிம்போங் மியூசியத்தில் எனக்கு வந்த வயிற்றெரிச்சல்

மழையில் நனைந்த மூங்கிலும் பழைய அடுப்புப் புகையும் கலந்த ஒரு மணம்… கலிம்போங்கில் அந்தச் சின்ன மியூசியத்தின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது அதுதான்.

மியூசியம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். லீவு விட்டால் இங்கே லண்டனில் பிள்ளைகளைக் கூட்டிப்போவோமே, டைனோசர் எலும்பெல்லாம் நிற்குமே, அந்த மாதிரி இல்லை. மலைச்சரிவில் இரண்டு அறை, தகரக் கூரை. உள்ளே அந்த மலையின் ஆதிக்குடிகளான லெப்சா மக்களின் சாமான்கள் மட்டும்.

என்னைக் கூட்டிப்போனவள் ஓங்மித். லண்டன் நோர்பரியில், வயதானவர்களைப் பராமரிக்கிற ஒரு கெயார் ஹோமில் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். அவள் அந்த மலையில் பிறந்த லெப்சாப் பெண், நான் மன்னார். எங்கள் ஷிப்டில் தமிழ்ப் பிள்ளைகள்தான் கூட. அவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அக்கா என்றே பழகிவிட்டாள். மற்றதெல்லாம் இங்கிலிஷ். அவள் சொன்னதை என்னுடைய தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்…

தன்னுடைய அண்ணனின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது என்னையும் விடாப்பிடியாகக் கூட்டிப்போனாள். கல்யாணம் முடிந்த மறுநாள்தான் இந்த மியூசியம்.

பிரம்பில் பின்னிய தொப்பி, முதுகில் சுமக்கும் கூடை, வில், அம்புகள், கோடு போட்ட நெசவு உடுப்பு, அவர்களுடைய எழுத்தில் கையால் எழுதிய பழைய புத்தகங்கள்… ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்தது.

"இது எங்கட சித்தப்பா வீட்டுக் கூடை. அந்தத் தொப்பி பக்கத்து வீட்டு மனுசி தந்தது."

சொந்த வீட்டுக் குசினியைக் காட்டுகிற மாதிரிக் காட்டிக்கொண்டே போனாள். நான் தலையாட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

கடைசியில் ஒரு கண்ணாடி அலுமாரி. உள்ளே ஒரு மூங்கில் குழல். ஓங்மித் அப்படியே நின்றுவிட்டாள்.

அவளுடைய அப்பாவின் குழல் அது. அவர் செத்த நேரம் அவளுக்கு விசாச் சிக்கல், செத்தவீட்டுக்கே போக ஏலவில்லை. கெயார் ஹோமின் சாமான் அறைக்குள் நின்று அவள் அழுததை நான் கண்டிருக்கிறேன். பிறகு அவளுடைய அம்மா குழலை மியூசியத்துக்குக் கொடுத்திருக்கிறார்.

மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் அதைக் கண்டார். சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தார். குழலை அவளுடைய கையில் வைத்து, தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். "உன்ர அப்பாவின்ரதானே, ஊது" என்றாராம்.

ஊதினாள். முதலில் வெறும் காற்று. பிறகு ஒரு சத்தம், இன்னொரு சத்தம்… அந்தப் பெண் சிரித்தார். ஓங்மித் அழுதாள்.

எனக்கு அவளுக்காகச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருந்தது. பொறாமை… வேறு பெயர் அதற்கு இல்லை.

என் அப்பா கூத்துக்கு மத்தளம் அடிக்கிறவர். கோயில் பெருநாளில் அவர் அடித்தால் அடுத்த ஊருக்கும் கேட்கும் என்பார்கள். யுத்தத்தில் நாங்கள் இடம்பெயர்ந்த அன்று, வள்ளத்தில் சாமான் ஏற்ற ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். மத்தளத்தை மணலில் வைத்துவிட்டு ஏறினார். பிறகு லண்டனில், மிச்சம் என்கிற இடத்தில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பார், சாகும் வரைக்கும். அந்த மத்தளத்தின் ஒரு போட்டோகூட என்னிடம் இல்லை.

வெளியே வந்து படியில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓங்மித் வந்தாள்.

"என்ன அக்கா, குளிருதோ?"

"உனக்கென்ன! ஒரு அலுமாரியைத் திறந்தா உன்ர அப்பா இருக்கிறார். எனக்கு எங்க, என்ன இருக்கு?"

சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அவள் என்னைச் சமாதானப்படுத்துவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மிச்சத்தில மரக்கறிக் கடைக்காரரோட நீங்கள் எந்தப் பாஷையில சண்டை பிடிக்கிறீங்கள்? பூசை எந்தப் பாஷையில? உங்கட மகள் சனிக்கிழமை வகுப்பில என்ன படிக்கப் போறவ? லண்டன் முழுக்கத் தேடினாலும் என்ர பாஷையில சண்டை பிடிக்க எனக்கு ஒரு ஆள் இல்லை, அக்கா. பஸ்ஸில நீங்கள் போனில கத்திக் கதைக்கேக்க பக்கத்தில இருந்து எனக்கு எரியும். தெரியுமோ?"

தெரியாது. பஸ்ஸில் அவள் முகத்தைத் திருப்புவது நான் போடுகிற சத்தத்தால்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்…

உள்ளே இருந்த பெண் இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டபடியே குடித்து முடித்தோம். திரும்பி இறங்குகிறபோது அவள்தான் முதலில் என் கையைப் பிடித்தாள்.

இதெல்லாம் பழைய கதை. அம்மாவுக்குச் சுகமில்லை என்று போன ஓங்மித் ஊரிலேயே தங்கிவிட்டாள். இப்போது சனிக்கிழமைகளில் அதே மியூசியத்தின் முன்னறையில் பிள்ளைகளுக்கு லெப்சா எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் இன்னும் மிச்சத்தில்தான். மகள் ஜிசிஎஸ்இ பரீட்சை வந்ததும் தமிழ் வகுப்பை விட்டவள், பிறகு போகவே இல்லை.

போன கிழமை ஓங்மித் வகுப்பிலிருந்து வீடியோ கோல் எடுத்தாள். பிள்ளைகள் கத்திக் கத்தி வாசித்தார்கள்.

"உங்கட மகள் நிக்கிறாவோ அக்கா? தமிழில ஏதும் சொல்லச் சொல்லுங்கோ. இதுகளுக்குக் கேக்க ஆசையாம்."

போனை மகளிடம் நீட்டினேன்.

"வணக்கம்…" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "வேற என்ன அம்மா? ஐ டோன்ட் நோ…"

சிரித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அங்கே அந்த மலைப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, "வணக்கம்! வணக்கம்!" என்று கத்தினார்கள். ஒரு பிழையும் இல்லை. ஓங்மித் முகமெல்லாம் சிரிப்பு.

நானும் சிரித்தேன். அன்று அந்தப் படியில் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை.