வேப்பெண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்த சூசைப்பிள்ளை

மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். கொக்கிளாயிலிருந்து வந்த மீன் லொறி கடைவாசலில் நின்றது. சாரதி என்னை அடையாளம் கண்டு இறங்கி வந்தான். "ஐயா, எங்கட சூசையண்ணை இண்டைக்கு விடியப் போட்டார். நெஞ்சு நோகுதெண்டு படுத்தவர், பிறகு எழும்பேல்லை. நாளைக்குப் பின்னேரம் அடக்கம்" என்றான். லொறி போய்விட்டது. வெயிலில் தார் வீதி தண்ணீர்போல் மினுங்கிக்கொண்டே இருந்தது. என்னுடைய பஸ்ஸும் வந்து, நின்று, போய்விட்டது. நான் ஏறவில்லை.

எங்கள் விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில் அவரோடு வேலைசெய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சூசைப்பிள்ளை எங்கள் ஆய்வுகூட உதவியாளர். நான் விவசாயப் போதனாசிரியர். மத்தியான வேளையில் அவர் ஒரு போத்தலில் எண்ணெயும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி இருப்பார். துளிகள் மெல்ல மெல்ல ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மேலே போகும். "இது வேலையோ தவமோ, சூசை?" என்று பகிடி பண்ணுவேன். "நீர் வந்து பாரும். எவ்வளவு குலுக்கினாலும் பிரிஞ்சுதான் போகுது. இடையிலை ஆரும் நிக்கவேணும்" என்பார். கண் போத்தலை விட்டு விலகாது.

அந்த இடையில் நிற்கும் ஆளை அவர் சின்ன வயதிலேயே கண்டிருந்தார். கொக்கிளாயில் அவருடைய தாயார், மெலிந்த பிள்ளைகளுக்குச் சுறா எண்ணெயை முட்டை மஞ்சட்கருவோடு அடித்துத்தான் பருக்குவாவாம். எண்ணெய் மிதக்காதாம், பால்போல் இறங்குமாம். அந்த வித்தையைச் செய்கிற, மஞ்சட்கருவில் உள்ள சாமானுக்குப் பெயர் லெசித்தின் என்பதைப் பண்ணைக்கு வந்தபிறகு ஒரு புத்தகத்தில் கண்டுபிடித்தார். கிரேக்கர் மஞ்சட்கருவுக்கு வைத்த பெயரிலிருந்து வந்த சொல் என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார். "ஒரு கை எண்ணெயைப் பிடிக்கும், மற்றக் கை தண்ணியைப் பிடிக்கும்" என்பது அவர் விளக்கம். சொக்கலேற் வழுவழுப்பாக உருகுவதும், மாஜரீன் சட்டியில் தெறிக்காமல் இருப்பதும், பெயின்ரில் நிறத்தூள் அடியில் படியாமல் நிற்பதும் அதனால்தான் என்பார். தோல் பதனிடுகிறவர்களுக்கும் மருந்துக் குளிகை செய்கிறவர்களுக்கும்கூட அது வேண்டுமாம். கதிரையில் சாய்ந்து, பாதி நித்திரையில் பேசுகிறவர்போல இதையெல்லாம் சொல்லுவார். கேட்டுக்கொண்டிருந்தால் எனக்கும் கண் சொருகும்.

வட்டக்கச்சியில் பொன்னம்மாக்கா என்று ஒருவர் இருந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து புருசனோடு வந்து குடியேறியவ. காடு வெட்டி முடித்த வருசமே புருசன் பாம்பு கடித்துச் செத்துப்போனார். காணி அவருடைய பெயரில் இருந்தது. தனியே ஒரு பெண்ணால் பயிர்செய்ய முடியுமா என்று பார்த்துத்தான் அதை அவவின் பெயருக்கு மாற்றுவார்கள். குடியேற்ற உத்தியோகத்தர் பார்வையிட வருவதற்கு ஒரு மாதம் இருந்தது. அந்த நேரம் பார்த்து மிளகாய்க் கண்டுகளில் இலைப்பேன் விழுந்து, தோட்டம் முழுக்கச் சுருண்டுவிட்டது. காணி போனால் தமையன் வீட்டுக் குசினியில் போய் ஒதுங்கவேண்டியதுதான் அவவின் கதி.

வேப்பெண்ணெயை உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தில் கரைத்து அடிக்கச் சொன்ன மேதாவி நான்தான். வன்னிக் கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணீரில் சவர்க்காரம் கரையுமா? திரைந்தது. எண்ணெய் மேலே மிதந்தது. தனி எண்ணெய் பட்டு இரண்டு வரிசை கருகிப்போனது. சூசைப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, மஞ்சட்கருவில் எண்ணெயை அடித்துக் கலக்கினார். வாளி நிறைய வெள்ளையாய் நுரைத்தது. பிரியவேயில்லை. ஆனால் அக்கா சுத்த சைவம். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம். முதல் பறிக்கிற மிளகாய் அம்மன் கோயிலுக்கு. "அவவிட்டைச் சொல்லவேண்டாம் சூசை. மருந்தெண்டு அடிப்பம்" என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். ஆனாலும் அடித்தார்.

ஐந்தாம் நாள் புதுத் துளிர் நேராக வந்தது. அக்காவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்கவேண்டும்! இரண்டாம் முறை அடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "உதென்ன மருந்து தம்பி, வெடுக்கு மணக்குது?" என்று சூசைப்பிள்ளையைக் கேட்டா. நான் வாய் திறக்குமுன் அவர், "முட்டை அக்கா" என்றார். அக்கா ஏசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினா. அடுத்த மூன்று நாளும் கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி, ஒவ்வொரு கண்டையும் இலை இலையாகக் கழுவினாவாம். மருந்தும் போனது. பேன் திரும்ப வந்தது.

சூசைப்பிள்ளை சைக்கிளில் தனியே போயிருக்கிறார். "பிழை என்ர, அக்கா. உங்களைக் கேட்டிருக்கவேணும்" என்று வேலிப் படலையில் நின்று சொல்லியிருக்கிறார். என் பெயரை எடுக்கவேயில்லை. பிறகு பண்ணையில் பரீட்சைக்குப் போட்டிருந்த சோயா அவரையில் ஒரு பை கேட்டு வாங்கினார். "இதிலையும் அதே சாமான் இருக்கு. மரக்கறிதான். நீங்களே அரைச்சுப் பாருங்கோ" என்று கொடுத்தார். அக்கா ஊறவைத்து அம்மியில் அரைத்துப் பால் பிழிந்தா. அந்தப் பாலில் வேப்பெண்ணெயை விட்டு அவர் அடிக்க அடிக்க, இரண்டும் ஒன்றாகி வெளுத்தன. அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். காலை வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கனவில் கண்டதுபோலத்தான் இருக்கிறது. அக்கா விரலால் தொட்டு, மணந்து பார்த்து, "ஓம், அடியுங்கோ" என்றா.

உத்தியோகத்தர் வந்த அன்று செடிகள் பூத்திருந்தன. காணி அவவின் பெயருக்கு மாறியது.

இதெல்லாம் நடந்து பத்து வருசம். அடக்கத்துக்குப் போனபோது கொக்கிளாய்க் கோயில் வாசலில் பொன்னம்மாக்கா நின்றா. மூன்று பஸ் மாறி வந்திருக்கிறா. மண் போட்டு முடிந்தபின், கடற்காற்றில் அவவின் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அண்டைக்கு உங்களிட்டைச் சொல்லவேண்டாமெண்டு சொன்னது நான்தான். அவரில்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவ என்னைப் பார்க்கவில்லை. "அது எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. பொய் சொல்லத் தெரிஞ்ச மனிசன் உடனை முட்டையெண்டு சொல்லியிருப்பாரே? நீங்கள் எப்ப வந்து சொல்லுவியளெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றா.

இப்போது எந்தத் தோட்ட வளவுக்குப் போனாலும், மருந்தைக் கலக்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லி, அடிக்கலாமா என்று கேட்கிறேன். பிழை நடந்தால் அன்றைக்கே சைக்கிளை எடுக்கிறேன். சூசைப்பிள்ளையிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான். அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் படலையில் நின்று நானும் என் பிழையைச் சொல்லியிருக்கலாம்.