மழிக்காத கால்

போன மாதம் இறந்த என் அக்கா குதிரை மருத்துவர். ஆனால் குதிரை ஏறத் தெரியாது. குதிரைகளின் காலடியில் குந்தி உட்கார்ந்தே அவள் காலம் போயிற்று. முன்னங்காலின் பின்புறம் கயிறு போல ஓடும் தசைநாணை ஸ்கேன் செய்து, காயம் உண்டா என்று சொல்வதுதான் அவள் வேலை. "எல்லாரும் மூஞ்சியப் பாத்துப் பேசுறாங்க, நான் முழங்காலப் பாத்துப் பேசுறேன்" என்பாள்.

ஸ்கேன் செய்யும் இடத்தில் முடியை மழித்துவிட வேண்டும். முடிக்கிடையே காற்று நின்றால் படம் தெளியாது. அவளுக்கு இது பாலபாடம்.

சவாரிப் பள்ளி ஒன்றில் செவலைக் குதிரையின் காலில் லேசான வீக்கம். மறுநாள் அதை வாங்க ஆள் வருவதாக இருந்தது. அக்கா முடி வெட்டும் மெஷினை எடுத்ததும் மேனேஜர் குறுக்கே வந்தார்.

"டாக்டரம்மா, பொண்ணு பாக்க வர்ற நேரத்துல மொட்டை அடிப்பாங்களா? அப்படியே பாருங்க."

"அப்படியே பாத்தா சரியாத் தெரியாதுங்க."

"உங்க கண்ணுக்கா தெரியாது?"

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முடியை ஸ்பிரிட்டால் நனைத்து, ஜெல் தடவிப் பார்த்தாள். திரையில் ஒரே மூட்டம். நடுவில் ஓரிடம் கறுத்திருந்தது. முடியின் நிழல் என்று எண்ணிக்கொண்டு, "காலு நல்லா இருக்கு" என்றாள்.

அதை நம்பி வாங்கியவரின் மகள் ஓட்டிப் போனபோது தசைநாண் கிழிந்து குதிரை விழுந்தது. அந்தப் பெண்ணுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

யாரும் கூப்பிடாமலே அக்கா போனாள். இந்த முறை மழித்துப் பார்த்தாள். கிழிசலின் ஓரத்தில் பழைய காயம் தெரிந்தது.

"இது அன்னைக்கே இருந்திருக்கு. நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேன்."

பெண்ணின் தகப்பனார் திட்டவில்லை. "குதிரைய ஊசி போட்டு முடிச்சிடலாம்னு சொல்றாங்க" என்றார்.

"எங்கிட்ட குடுத்துடுங்க."

வாடகை லாயத்தில் கட்டி, தன் கையாலேயே கட்டுப் போட்டாள். மாதாமாதம் ஸ்கேன் எடுத்தாள். படத்தில் கறுப்புக் குழியாகத் தெரிந்த காயத்தில், ஆறுவதன் அடையாளமாக மெல்ல வெள்ளை இழைகள் ஓடின. குதிரை நடந்தது, ஓடவில்லை. ஒருநாள் அந்தப் பெண் வந்து, "ரொம்ப நல்லாப் பாத்துக்கிறீங்க ஆன்ட்டி" என்றாள். அக்கா தண்ணீர் எடுக்கப் போவதுபோல் லாயத்தின் பின்பக்கம் போய்விட்டாள்.

படுக்கையில் விழுந்த பிறகு, குதிரைக் காலைக் கடைசியாக எடுத்த ஸ்கேன் படத்தை என்னிடம் நீட்டினாள்.

"இழையெல்லாம் நேரா சேந்திருக்காடா?"

"சேந்திருக்குக்கா."

"உனக்கு இதப் பாக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ தெரியலன்னு சொல்லேன்டா."

பிறகு கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் படத்தை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.