சூப்பர் பெற்றோலும் என் வலது காலும்

போன ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளை பெற்றோல் செட்டில் என் பழைய ஒஸ்டினை நிறுத்தினேன். சூப்பரா, சாதாவா என்று கேட்டார்கள். சாதா என்றேன்.

எனக்குப் பின்னால் காரை நிறுத்தியிருந்த காசிம் நானாவுக்கு அது பொறுக்கவில்லை. இறங்கியே வந்துவிட்டார். பஜாரில் புடவைக்கடை வைத்திருப்பவர். கடையில் எல்லாவற்றுக்கும் விலை உண்டு; காரைப் பற்றிய ஆலோசனை மட்டும் இலவசம். இரண்டு மாதத்துக்கு முன் எனக்குச் சூப்பர் பெற்றோலைச் சிபாரிசு செய்ததே அவர்தான். கூடுதல் விலை கொடுத்து அடித்தீர்களே, பிரயோசனம் இருந்ததா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள் கிளாக்கர் என்று பிடித்துக்கொண்டார்.

அவசரமாகத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லித் தப்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் ஒரு கிளாக்கருக்கு என்ன அவசரம்? ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அவரும் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்தான்... வாசிக்கட்டும்.

என் மனைவி சரோஜாவுக்குக் கார் ஆகாது. இரண்டு வளைவு திரும்பினால் போதும், குமட்டிக்கொண்டு வந்து சத்தி எடுப்பாள். தேசிக்காயை மோந்து பார்ப்பாள். யாரோ சொன்னார்கள் என்று வயிற்றில் பத்திரிகைத் தாளை வைத்துக் கட்டிப் பார்த்தாள். இந்தப் பத்தி வந்த தாளும் அதற்குப் பயன்பட்டிருக்கிறது. என் எழுத்தை அவ்வளவு நெருக்கமாக வைத்துக்கொண்ட வாசகி வேறு யாரும் இல்லை. ஆனாலும் குணம் தெரியவில்லை.

எங்கள் அப்புத்தளையிலிருந்து பதுளைக்கு எத்தனை வளைவு? எண்ணி முடித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

இது வெறும் வேடிக்கை என்றால் பரவாயில்லை. சரோஜா ஐந்து வருஷமாக எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் படிப்பித்து வந்தாள். அரசாங்க நியமனம் வேண்டுமென்றால் பதுளைக்குப் போய் நேர்முகப் பரீட்சையில் தேறவேண்டும். முதல் தடவை போனபோது, முகம் வெளிறி உள்ளே போனவள் ஒரு கேள்விக்கும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பதில்தான் வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. இரண்டாம் தடவை ஹாலி-எலயில் இறங்கிச் சேலை மாற்ற வேண்டியதாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் வந்தது மூன்றாம் தடவை. அடுத்த வருஷம் வயதெல்லை தாண்டிவிடும். இதுவும் போனால் அவள் பிறகு டீச்சராக முடியாது. இரண்டு வாரமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. பாடத்தை நினைத்து அல்ல, ரோட்டை நினைத்து.

காலை எட்டரைக்கு அங்கே நிற்கவேண்டும். அதற்குத் தோதான ரயில் இல்லை. முதல் நாளே போய்த் தங்கப் பதுளையில் உறவும் இல்லை. பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இந்தக் கவலையைக் காசிம் நானாவின் கடையில் சொன்னபோதுதான் அவர் சூப்பரை எடுத்து விட்டார். சாதாரணப் பெற்றோலில் எஞ்சின் இடிக்கும், அந்த இடிதான் வயிற்றைக் கலக்குகிறது, புகை நாற்றமும் வேறு என்று ஒரு முழு விளக்கம். அதற்கு மேல் ஒரு சாட்சியும் வைத்திருந்தார். “எங்க வூட்டுலயும் இப்படித்தான் இருந்திச்சு கிளாக்கர். சூப்பர் அடிச்ச நாள்ல இருந்து ஒரு சத்தி இல்ல.”

எதற்கும் கராஜ் பாஸிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் எஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். “இந்த எஞ்சின் செஞ்ச காலத்துல சூப்பர்னு ஒண்ணே இல்லங்கய்யா. இதுக்கு எத ஊத்துனாலும் ஒண்ணுதான்.”

பாஸ் சொன்னது புத்திக்கு எட்டியது. ஆனால் மனைவியின் வேலை விஷயத்தில் புத்தியை யார் கேட்கிறார்கள்? பாணுக்குக் கியூவில் நிற்கும் இந்தக் காலத்தில், ஏறிக் கிடக்கும் பெற்றோல் விலைக்கும் மேலே இன்னும் கொடுத்து, டாங்க் நிறைய சூப்பர் அடித்தேன்.

விடிந்ததும் புறப்பட்டோம். அதிசயம்தான்! தியத்தலாவை தாண்டியது, பண்டாரவளை தாண்டியது, தெமோதரையும் தாண்டியது. சரோஜா கண்ணை மூடவில்லை. வேலியோரப் பூவைப் பார்த்து அது என்ன பூ என்று கேட்டாள். எட்டு வருஷத்தில் இந்த ரோட்டில் பூ இருப்பதை அவள் கண்டதே அன்றுதான். பதுளையில் இறங்கியதும் பசிக்கிறது என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே போனவள் அரை மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரே அறையில் ஐந்து வகுப்பை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார்களாம். போதும் அம்மா என்று அவர்கள் சொல்லும்வரை பேசினாளாம்.

திரும்பி வரும்போது நான் தரையில் இல்லை. சூப்பரின் மகிமையைப் பேசிக்கொண்டே வந்தேன். ஒரு மரக்கறி லொறியை முந்தினேன். இன்னொன்றையும் முந்தினேன். வளைவு வர ஒரு பிரேக், திரும்பியதும் ஒரு மிதி... தெமோதரைக்குக் கிட்ட சரோஜா என் கையைப் பிடித்தாள். நிறுத்தினேன். கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதே கார். அதே ரோடு. டாங்கில் இருப்பதும் அதே சூப்பர். வெயிலில் நின்றதால் பெற்றோல் கெட்டுப்போயிருக்குமோ? வாய் கொப்பளித்துவிட்டு வந்தவளிடம் இந்தச் சந்தேகத்தை வேறு கேட்டு வைத்தேன்.

சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“பெற்றோல்ல ஒண்ணும் இல்லங்க. காலையில அது வீணாப் போயிரும்னு ஒவ்வொரு வளைவுலயும் மிதியில இருந்து காலை எடுத்து எடுத்து ஓட்டுனீங்க. லொறிக்குப் பின்னாலயே பொறுமையா வந்தீங்க. எட்டு வருசமா நான் பக்கத்துலதான் உக்காந்து வர்றேன். எனக்காக ஒருநாளாச்சும் காலை எடுத்திருக்கீங்களா?”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். களைப்போடு சொன்னாள். அவள் சொன்னது உண்மை. காலையில் மிதிக்கும்போதெல்லாம் விலைதான் கண்முன் வந்தது. பிரேக் பிடித்தால் மறுபடி மிதிக்கவேண்டுமே என்று வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தேன். அதை நான் கவனிக்கவே இல்லை. அவள் கவனித்திருக்கிறாள். வெட்கமாகப் போய்விட்டது.

நாம் எல்லோரும் இப்படித்தானோ? புதுச் செருப்பு போட்ட அன்று சேற்றைப் பார்த்து நடக்கிறோம். புதுக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறோம். வீட்டில் இருக்கும் மனுஷிக்கு யாரும் விலைச்சீட்டு ஒட்டி வைக்கவில்லை... அதனால் நமக்கு மறந்துவிடுகிறது.

ஆகவே காசிம் நானாவுக்குப் பதில் இதுதான். என் எஞ்சினுக்கு அது வீண்செலவு. எனக்கு வீண் இல்லை. அவர் வீட்டில் சத்தி நின்றதற்கும் காரணம் என்னவென்று அவரே தன் காலைக் கேட்டுப் பார்க்கலாம்.

நியமனக் கடிதம் வந்துவிட்டது. பெரகலைக்குக் கிட்ட ஒரு பாடசாலை. அப்புத்தளையிலிருந்து வளைந்து வளைந்து கீழே இறங்கும் அந்த ரோட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தினமும் காலையில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். ஓடுவது சாதா பெற்றோல்தான். பின்னால் வருகிற லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்து அடித்து அலுத்துப்போகிறார்கள்.

அடிக்கட்டும். பக்கத்தில் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார்.