மஞ்சள் மூக்கு மீன்கொத்தி

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் சர்ச் ஹாலில் ஒரு மீன்கொத்திப் படம் உண்டு. மைன்ஸ் துரைமார் விட்டுப்போனது. செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, கறுப்பு மையில் அச்சடித்து, ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் பூசிய காலத்துப் படம். உடைந்த கண்ணாடியை மாற்ற, ஹால் செயலாளரான என் வீட்டுக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். அந்த வாரம் எங்கள் லைன் வீடுகளில் ஈரத்துணிக்குத் தப்பும் பொருளே கிடையாது. படத்தையும் துடைத்தேன்.

கறுப்புக் கோடு அசையவில்லை. வண்ணம் மட்டும் துணியோடு வந்துவிட்டது.

"இன்னா பண்ணி வெச்சிருக்கே!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கத்தாதீங்க. கலர்தானே போச்சு? நான் அடிக்கிறேன்." பயம் வந்தால் எனக்குக் குரல்தான் முதலில் ஏறும்.

மகளின் வாட்டர் கலர் டப்பாவோடு ஏரிக்கரைக்குப் போனேன். கரன்ட் கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தியைப் பார்த்துப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோடு தாண்டாமல் பூசினேன். முதுகு நீலம், தலை காப்பிப்பொடி நிறம், மூக்கு நல்ல சிவப்பு. எவ்வளவு பெருமை எனக்கு!

கிறிஸ்துமஸ் அன்று ஹாலில் ஒரு அம்மாள் படத்தின் முன் நின்றுவிட்டார். "இது நம்ம பட்சி இல்லீங்க. நம்முதுக்கு மூக்கு மஞ்சள். இந்தப் படத்து முன்னால எடுத்த எங்க கல்யாண போட்டோல பாருங்க."

கூட்டம் கூடியது. செயலாளர் அசலை பெங்களூரில் யாருக்கோ தள்ளிவிட்டு டூப்ளிகேட் மாட்டிவிட்டார் என்று பின்வரிசையில் ஆரம்பித்த பேச்சு முன்வரிசைக்கு வந்துவிட்டது. அவர் என் பெயரைச் சொல்லவே இல்லை, தலைகுனிந்து நின்றார். வீட்டுக்கு ஓடி, துடைத்த துணியை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் விரித்தேன்.

"துடைச்சது நான்! இந்தா, நீலம், காப்பி, உங்க மஞ்சள் மூக்கு, எல்லாம் இதுல இருக்கு. வாயில்லாத மனுஷனைப் பேசாதீங்க!"

துணி, அவருடைய பழைய பனியன். அக்குளில் இரண்டு பெரிய ஓட்டை. ஹாலே சிரித்தது. சந்தேகம் அதோடு போயிற்று.

"மூக்கை மட்டும் மஞ்சள் பண்ணிடும்மா," என்றார் பாஸ்டர்.

"கம்பியில போய்ப் பாருங்க பாஸ்டர், செவப்புதான்! செத்துக் காஞ்சு மூக்கு வெளுத்த பட்சியப் பாத்து சீமையில எவனோ அடிச்சது அது."

"இருக்கட்டும்மா. நம்ம ஹால்ல மஞ்சள்."

பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சள் அடித்துக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று வீடு திரும்பும்போதே என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏங்க, நான்தான்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பனியனை எடுத்தாருவேன்னு தெரிஞ்சிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேன்."