மாதிரியில் இருந்த பெயர்

2006இல் ஓசூரில் ஒரு சிறிய ஷெட்டில் பைக்குக்கான ரப்பர் பாகங்கள் செய்துகொண்டிருந்தேன். பெங்களூர் வியாபாரி ஒருவர் பழைய ஃபுட்ரெஸ்ட் ரப்பரைக் கொடுத்து, "இதே மாதிரி ஆயிரம் பீஸ் வேணும்" என்றார். அதன் அடியில் பெரிய பைக் கம்பெனியின் பெயர் புடைத்திருந்தது.

அச்சு வெட்டும் மாதப்பன், "பேரும் வெட்டணுமாண்ணா?" என்று கேட்டார்.

"சாம்பிள்ல இருக்கறத அப்படியே வெட்டுப்பா" என்றேன். மாதிரியிலிருந்து இம்மி விலகினாலும் சரக்கு திரும்பிவிடும். எனக்கு அந்தப் பயம் மட்டும்தான் இருந்தது.

சரக்கை மூட்டை கட்டிய அன்று பக்கத்து ஷெட்டுக்கு போலீஸ் ஜீப் வந்தது, கூடவே ஒரு பைக் கம்பெனியின் வக்கீலும். கம்பெனி பெயர் போட்டுப் போலி பாகம் செய்ததாக அந்த ஷெட் முதலாளியை ஜீப்பில் ஏற்றினார்கள். "சாம்பிள் குடுத்தாங்க, செஞ்சேன் சார்" என்று அவர் கெஞ்சினார். என் வாயில் தயாராக இருந்ததும் அதே வார்த்தைதான். வக்கீல் என் வாசலைப் பார்த்தார். மூட்டைகளை மறைத்தபடி நின்றேன். ஜீப் கிளம்பிவிட்டது.

அன்றே மாதப்பன் அச்சிலிருந்த பெயரை வெல்டு வைத்து மூடினார். ஆயிரம் பீஸையும் நானே அறுத்துப் போட்டேன்.

இப்போது யார் மாதிரி கொடுத்தாலும் முதலில் திருப்பி, விரலால் தடவுகிறேன். பெயர் தட்டுப்பட்டால் அந்தக் கம்பெனியின் அனுமதிக் கடிதம் கேட்கிறேன். பாதிப் பேர் மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.